கடுக்காயை முழுசாக வாங்குங்கள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். வேலூர் லாங்கு பஜார் பக்கம் போகும்போது ஒரு நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் கடுக்காய் கேளுங்கள். பொடிப் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள், அது வேண்டாம், முழுக் காய்தான் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். வீட்டுக்கு வந்து ஒரு காயை உடைத்து, உள்ளே இருக்கிற கொட்டையைத் தள்ளிவிட்டு, சுண்டுவிரல் நகம் அளவு சதையை வாயில் போட்டு மெல்லுங்கள். முதல் நிமிஷம் விறகுச் சிராய் மாதிரிதான் இருக்கும். அப்புறம் லேசான புளிப்பு, கொஞ்சம் கசப்பு, அதற்குப் பின்னால் கன்னத்தின் உள்பக்கம் முழுக்கச் சுருங்கி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு துவர்ப்பு. பத்து நிமிஷம் கழித்துத் தண்ணீர் குடித்துப் பாருங்கள், தண்ணீர் இனிக்கும்.

இந்தத் துவர்ப்பை நாக்கில் வாங்கிக்கொள்ளாமல் கடுக்காயைப் பற்றிப் படித்துப் பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி. ஏனென்றால் இந்த மரத்தின் காயை நம் ஆட்கள் வயிற்றுக்குக் கொடுத்ததும், தோல் பதனிட்டதும், துணிக்குச் சாயம் பிடிக்க வைத்ததும், மை காய்ச்சியதும் எல்லாம் இந்த ஒரே குணத்தை வைத்துத்தான். துவர்ப்புக்குக் காரணம் டானின். அது புரதத்தைப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும், இரும்பைப் பார்த்தால் கறுத்துப் போகும். உங்கள் வாய் சுருங்கியதே, அது எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்து இழுத்ததால். ஆட்டுத்தோலுக்குள்ளும் அதையேதான் செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்கிற ஒவ்வொரு வேலையிலும் இது வரும்.

மரத்தைப் பார்ப்பது

‘அவன் கடுக்காய் கொடுத்துவிட்டான்’ என்று தினம் பேசுகிற நம்மில் மரத்தைப் பார்த்தவர்கள் குறைவு. இத்தனைக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்தி போனால் ஜவ்வாது மலையின் அடிவாரம், அங்கிருந்து மேலே ஏறினால் கடுக்காய் வளர்கிற காடு. ஜமுனாமரத்தூர் பக்கமும் உண்டு, ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை ஏறுகிற பக்கமும் உண்டு. இன்றைக்கு இந்த மலை வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது, பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு எல்லாம் ஒரே மலைதான்.

அடையாளம் பார்க்க இலையில் தொடங்குங்கள். முட்டை வடிவ இலை, உள்ளங்கை நீளம் இருக்கும், கிளையில் எதிரெதிராகவோ கிட்டத்தட்ட எதிரெதிராகவோ அமைந்திருக்கும். இலையைப் பறிக்க வேண்டாம், காம்பு இலையோடு சேருகிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், இரண்டு சின்னப் புடைப்புகள் தட்டுப்படும். தளிர்க் கொம்பில் துருப்பிடித்த நிறத்தில் பட்டு மாதிரி மயிர் இருக்கும். பட்டை கருத்துப் பழுப்பாக வெடிப்பு விட்டிருக்கும். மாசி, பங்குனியில் இலை கொட்டி, சித்திரையில் தளிரும் பூவும் சேர்ந்து வரும். பூ வெளிறிய மஞ்சளாகக் கதிர் கதிராக இருக்கும், வாசனை நன்றாக இருக்காது. காய் முற்றுவது கார்த்திகைக்கு மேல் மாசி வரைக்கும்.

இதே குடும்பத்தில் மருது, தான்றி, நாட்டு வாதுமை எல்லாம் உண்டு, அதனால் குழப்பம் வரும். மருதங்காயில் ஐந்து இறக்கை மாதிரி விளிம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். தான்றிக்காய் உருண்டையாக, மேலே வெல்வெட் தடவின மாதிரி சாம்பல் பழுப்பில் இருக்கும். கடுக்காய் நீண்ட முட்டை வடிவம், காய்ந்தால் மேலிருந்து கீழாக ஐந்து மேடுகள் தெரியும். கடையில் மாசிக்காயோடும் குழப்பிக்கொள்கிறார்கள். மாசிக்காய் காயே இல்லை, வெளிநாட்டு ஓக் மரத்தில் பூச்சி குத்தி உண்டாகிற முடிச்சு. அதே மாதிரி ‘கடுக்காய்ப் பூ’ என்று விற்பதும் பூ இல்லை, கடுக்காய் இலையில் பூச்சியால் வருகிற உள்ளீடற்ற முடிச்சு. பெயரை நம்பி ஏமாறாதீர்கள்.

யாரிடமிருந்து வாங்குவது

மரத்தைப் பார்த்ததும் கீழே கிடக்கிற காயைப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். செய்யாதீர்கள். காப்புக் காட்டிலிருந்து அனுமதி இல்லாமல் எதை எடுத்தாலும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமானது, அந்தக் காய் மலையில் வாழ்கிறவர்களின் வருமானம். ஜவ்வாது மலையில் இருப்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம், தமிழ் பேசுகிறவர்கள், சாமை விதைக்கிறவர்கள். தேன், புளி, கடுக்காய் என்று சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உறுதி செய்திருக்கிறது. மலைக்குப் போகிறவர்கள் அங்கேயே சந்தையிலோ ஊர்க்காரர்களிடமோ காய் வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒரு கோணிப்பைக் கடுக்காய்க்கு எத்தனை நாள் சரிவில் குனிந்து பொறுக்க வேண்டும் என்று ஒருமுறை நேரில் பார்த்தால் பேரம் பேச வாய் வராது.

காயைத் தேர்ந்தெடுப்பது சுலபம். கையில் கனக்க வேண்டும். மஞ்சளும் பழுப்புமாக இருக்க வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது, ஓட்டை இருந்தால் உள்ளே புழு குடியிருந்திருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் மூழ்குகிற காய் நல்ல காய் என்பது வைத்தியர்கள் காலங்காலமாகச் சொல்லி வருவது. சின்னதாகக் கறுப்பாக, கொட்டையே இல்லாமல் இருப்பது பிஞ்சுக் கடுக்காய், காய் முற்றுவதற்கு முன்னால் பறித்து உலர்த்தியது. மருந்துக்குப் பிஞ்சை எழுதிக் கொடுக்கிற வைத்தியர்கள் உண்டு, ஆனால் சாயத்துக்கும் மற்ற வேலைக்கும் முற்றின காய்தான்.

உடைத்தல், இடித்தல்

‘கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு’ என்பது நம் வீடுகளில் புழங்குகிற வழக்கு. கடுக்காயில் உள்ளே இருக்கும் கொட்டை ஆகாது, சுக்கில் வெளித்தோல் ஆகாது. ஆகவே முதல் வேலை கொட்டையை எடுப்பது, இதில்தான் பாக்கெட் பொடி தோற்றுப்போகிறது. நான் முதன்முதலில் ஒரு கடையில் வாங்கின பொடி நறநறவென்று மணல் மாதிரி இருந்தது, சல்லடையில் போட்டு அலசினால் வெளிறின கட்டைத் துணுக்குகளாக நின்றது. கொட்டையோடு சேர்த்து அரைத்திருக்கிறார்கள். கொட்டையை எடுத்தால் எடை நன்றாகக் குறையும், நஷ்டம் என்று நினைப்பார்கள்போல. அன்றிலிருந்து முழுக் காய் தவிர வேறு வாங்குவதில்லை.

அரிசி கழுவின தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து வெயிலில் உலர்த்திவிட்டு உடைப்பது பழைய முறை. சாயத்துக்கு என்றால் அது தேவையில்லை, அப்படியே உடைக்கலாம். அம்மிக்கல்லின் மேல் ஒரு கிழிந்த துணியை மடித்துப் போட்டு, காயைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் குழவியால் ஒரு தட்டு தட்டுங்கள். படுக்க வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். பலமாக அடித்தால் கொட்டையும் சேர்ந்து நொறுங்கிச் சதையோடு கலந்துவிடும், பிறகு பொறுக்கி எடுப்பது பெரிய வேலை. சதை மட்டும் பிளக்கிற அளவுக்கு அடி எவ்வளவு என்பது பத்துக் காய் உடைத்தால் கைக்குத் தெரிந்துவிடும். சதைத் துண்டுகளை இரண்டு நாள் நல்ல வெயிலில் காய விட்டு (நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளே போதும்) உரலில் இடியுங்கள். மிக்ஸியில் போடுவதென்றால் முதலில் இடித்துச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். முழுத் துண்டாகப் போட்டு எங்கள் வீட்டில் ஒரு ஜாரின் பிளேடு போனது. சலித்து, மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். இரும்பு டப்பா வேண்டாம், ஏன் என்று கீழே தெரியும். பொடியை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், முழுக் காய் ஒரு வருஷம் தாங்கும்.

உள்ளுக்குச் சாப்பிடுவது பற்றி

சுருக்கமாகச் சொல்கிறேன், நான் வைத்தியன் இல்லை. காலையில் இஞ்சி, நடுப்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மலச்சிக்கலுக்கு ராத்திரி அரைத் தேக்கரண்டிப் பொடி வெந்நீரில், வாய்ப்புண்ணுக்கும் ஈறு வீக்கத்துக்கும் கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் கொப்பளிப்பது, கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் கொட்டை நீக்கிச் சம எடை சேர்த்தால் திரிபலா. இவ்வளவுதான் வீட்டு உபயோகம். கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. குழந்தைக்கு உரைமருந்து என்று கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு எல்லாம் கல்லில் உரசிக் கொடுக்கிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கைக்குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன்னால் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள், பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இன்னொன்று, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடவே கடுக்காய்ப் பொடி சாப்பிட்டால் டானின் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது.

துணியில் போடுங்கள், அப்போதுதான் புரியும்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்கிற பரிசோதனை இது. செலவு குறைவு, தப்பினால் ஒரு மீட்டர் துணிதான் போகும்.

குடியாத்தம் பக்கம் கைத்தறி வாங்குகிறவர்கள் இருந்தால் சாயம் போடாத காடாத் துணி ஒரு மீட்டர் வாங்கிவரச் சொல்லுங்கள். பாலியஸ்டர் கலந்தது உதவாது, சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். முதலில் கஞ்சியை எடுக்க வேண்டும். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, நன்றாக அலசிக் காயப்போடுங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் துணி திட்டுத் திட்டாகத்தான் வரும். என் முதல் துணி அப்படித்தான் வந்தது, கஞ்சி நின்ற இடத்தில் எல்லாம் வெள்ளைத் தீவுகள்.

காய்ந்த துணியை எடை போடுங்கள். 100 கிராம் துணி என்றால் 20 கிராம் கடுக்காய்ப் பொடி. பொடியைக் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கலந்து கொஞ்ச நேரம் விட்டு வடிகட்டி, துணி தாராளமாக மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, பிளாஸ்டிக் வாளியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ ஒரு இரவு ஊறப் போடுங்கள். காலையில் பிழிந்து, அலசாமல் அப்படியே காயப் போடுங்கள். வெளிறின மஞ்சள் ஏறியிருக்கும், புது வெண்ணெயை உருக்கின நிறம். இது சாயம் இல்லை, சாயத்துக்குப் பாய் விரித்த மாதிரி. இதன் மேல் எது வந்தாலும் பிடிக்கும். படிகாரக் கரைசலில் தோய்த்துவிட்டு மஞ்சிட்டியோ சாயவேரோ (இரண்டும் சிவப்புச் சாயம் தரும் வேர்கள்) போட்டால் சிவப்பு, அவுரி நீலத்தில் தோய்த்தால் பச்சை.

கறுப்புக்கு இன்னொரு தண்ணீர் வேண்டும். துருப்பிடித்த ஆணிகள், கையளவு வெல்லம், தண்ணீர், எல்லாம் ஒரு மண்பானையில் போட்டுத் துணியால் வாய் கட்டி மூன்று வாரம் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். நுரைத்துப் புளித்து நாற்றம் வரும், வரட்டும். வடிகட்டி, கடுக்காய் ஏறின மஞ்சள் துணியின் மேல் ஒரு குச்சியால் தொட்டுக் கோடு போடுங்கள். கோடு போடும்போது வெளிறித்தான் தெரியும், கண்ணெதிரே சாம்பலாகி, கருநீலமாகி, கறுப்பாகி நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. காளஹஸ்தியில் பேனாக் குச்சியால் துணியில் படம் வரைகிற கலம்காரியில் கறுப்புக் கோடு இப்படித்தான் விழுகிறது. அங்கே கடுக்காயோடு எருமைப்பாலும் சேர்த்துத் துணியை ஊறவைப்பார்கள், பாலின் கொழுப்பு இருந்தால் கோடு பரவாது. காளஹஸ்தி ஜமீனும் ஒரு காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவுக்குள் இருந்ததுதான், சித்தூர் ஜில்லா 1911இல்தான் பிரிந்தது.

ஒரு எச்சரிக்கை, இரும்புத் தண்ணீரைக் கெட்டியாகப் போட்டால் துணி சில வருஷத்தில் இற்றுப் போகும். நீர்க்க விட்டு இரண்டு முறை தோய்ப்பது மேல். கடுக்காய்ச் சாற்றைக் காய்ச்சிப் பாதியாக்கி, அன்னபேதி என்கிற இரும்பு உப்பு ஒரு சிட்டிகையும் கொஞ்சம் கருவேலம் பிசினும் சேர்த்தால் அதுதான் பழைய காலத்து எழுதுகிற மை. இரும்பு டப்பா வேண்டாம் என்று மேலே சொன்னதற்கும், பச்சைக் கடுக்காய் நறுக்கின அரிவாள்மனை கறுத்துப் போவதற்கும் இதே காரணம்தான்.

தோல்

இதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன், ஆனால் வேலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நம் பக்கத்து ஊர்களின் பிழைப்பே தோலில் இருக்கிறது. குரோம் உப்பில் பதனிடுவது வருவதற்கு முன்னால் இங்கே தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையை வைத்து. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்து போகும். அதைத் தடுக்கக் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். அந்த வெளிர் நிறத் தோல்தான் மெட்ராஸ் துறைமுகம் வழியாகச் சீமைக்குக் கப்பல் ஏறியது. ஆவாரை வரப்பிலும் தரிசிலும், கடுக்காய் மலையிலும் கிடைத்ததால் இந்தத் தொழில் இங்கே வேர்விட்டது என்றுகூடச் சொல்லலாம். அப்புறம் வெளிநாட்டு வாட்டில் மரப் பட்டை வந்தது, குரோம் வந்தது, தோல் கழிவால் பாலாறு என்ன ஆனது என்பதும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்ததும் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மெத்தைக்கும் சுண்ணாம்புக்கும்

பழைய மெத்தை வீடு, அதாவது சுண்ணாம்புத் தளம் போட்ட மாடி வீடு, வைத்திருக்கிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மெட்ராஸ் டெரஸ் என்கிற ஒட்டு மெத்தையில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். தட்டும்போது மேலே தெளிப்பது கடுக்காய் வெல்லத் தண்ணீர். 10 சதுர மீட்டருக்கு உடைத்த கடுக்காய் 600 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணீர் 40 லிட்டர், அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை ஊறவிட்டுத் தெளிந்ததை எடுத்துத் தெளிக்க வேண்டும். இது கட்டட வேலையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒழுகுகிற இடத்தில் சிமெண்டைப் பூசி மூடிவிடாதீர்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் ஒரே மாதிரி சுருங்கி விரிவதில்லை, இரண்டு மழைக்காலத்தில் ஓரத்தில் விரிசல் விட்டு இன்னும் மோசமாக ஒழுகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள், அவர் கடுக்காய் வாங்கிவரச் சொன்னால் சரியான ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கன்று வைக்க

கழனி ஓரமோ தோப்போ இருக்கிறவர்கள் ஒன்றிரண்டு வையுங்கள். கடையில் வாங்கின உலர்ந்த காயை நட்டு ஏமாறாதீர்கள், தை மாசியில் மரத்தடியில் விழுந்த புதுக் காய் வேண்டும், மலைக்காரர்களிடம் சொல்லி வைத்தால் கொடுப்பார்கள். சதையை நீக்கி, கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கொட்டை கல் மாதிரி கெட்டி, அப்படியே போட்டால் முளைப்பது அபூர்வம். அகலமாக இருக்கும் முனையை மட்டும், உள்ளே பருப்பில் படாமல் லேசாக வெட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் ஒன்றரை நாள் ஊறவைத்துப் பையில் ஊன்றுங்கள். வெட்டினாலும் எல்லாம் முளைக்காது, அதனால் நான்கு கன்று வேண்டுமென்றால் இருபது கொட்டையாவது போடுங்கள். விதைக் கன்று காய்க்க எட்டு, பத்து வருஷம் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு காலம் முடியாது என்றால் ஒட்டுக் கன்று நர்சரியில் கேளுங்கள், அது சீக்கிரம் காய்க்கும்.

ஆடியில் மழை பிடித்ததும் நடுங்கள். வெயில் விழுகிற இடமாக, மற்ற மரத்திலிருந்து 8 மீட்டராவது தள்ளி, முழங்கால் ஆழக் குழியில். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் போதும், அதற்கு மேல் அது தானே பார்த்துக்கொள்ளும். ஆடு மாடு வருகிற இடம் என்றால் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டுவிடுங்கள்.